சாட்சி சொல்ல வந்த நாடுகள்

ஒரு நாட்டின் படை மற்றொரு நாட்டின் எல்லையைத் தாண்டும் முன்பே சில சொற்கள் அவ்வெல்லையைத் தாண்டிவிடுகின்றன. பாதுகாப்பு, மனிதாபிமானம், மக்களின் அழைப்பு, உலக அமைதி என்பன அவை. படை திரும்பிப் போன பிறகும் அச்சொற்கள் பழுதுபடாமல் எஞ்சியிருந்து, அடுத்த படையெடுப்புக்கும் உதவுகின்றன. அவற்றை உலக மன்றங்களில் முழங்குவோர் யார், எப்போது முழங்குகின்றனர், எப்போது வாய்மூடிக் கொள்கின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்பது இன்று நமக்கும் ஒரு கடமையாகியிருக்கிறது. ஏனெனில், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் போர்ச் செய்தி பேசப்படாத வாரமே இல்லை. பேசுகின்ற நாமும் ஒருவகையில் சாட்சி சொல்பவர்களே.

பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் எங்களுக்கு இச்சொற்கள் நானூறு ஆண்டுப் பழக்கமுடையவை. எங்கள் ஊரில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை ஒன்று இருந்தது. கெல்டிரியா என்பது அதன் பெயர். இன்று அது அகழியும் புதரும் சூழ்ந்த மேடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் கட்டுக்குலையாமல் நிற்கிறது. 1610ஆம் ஆண்டில் விசயநகர மன்னர் வேங்கடரின் இசைவைப் பெற்று அவர்கள் இங்கே வாணிக நிலையம் அமைத்தனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அதனைத் தாக்கினர். தற்காப்பு வேண்டும் என்ற காரணத்தின் பேரில் 1613இல் கோட்டை எழுந்தது. காரணம் பொய்யன்று, தாக்குதல் நடந்தது உண்மையே. ஆயினும் அக்கோட்டையில் பின்னாளில் வெடிமருந்து செய்யப்பட்டது. அதன் நிழலில் அடிமைகள் கப்பலேற்றப்பட்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் படாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். இக்கரையின் முஸ்லிம் வணிகர் தாம் காலங்காலமாகச் சென்று வந்த கிழக்குக் கடலுக்குச் செல்லவும் டச்சுக்காரரின் அனுமதிச் சீட்டை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

இதில் நாம் கவனிக்கத் தக்க செய்தி ஒன்றுண்டு. சர்வதேசச் சட்டத்தின் தந்தையருள் ஒருவர் என்று போற்றப்படும் ஹ்யூகோ குரோஷியஸ் டச்சுக்காரர். கடல் எவருக்கும் தனியுடைமையன்று, எல்லா நாட்டாரும் எங்கும் சென்று வாணிகம் செய்யலாம் என்று வாதிடும் நூலை அவர் 1609இல் பெயர் போடாமல் வெளியிட்டார். அந்நூல் பிறந்த கதை சுவையானது. 1603இல் சிங்கப்பூருக்கு அருகே ஒரு போர்ச்சுகீசியக் கப்பலை டச்சுக்காரர் கைப்பற்றினர். அச்செயலை நியாயப்படுத்தும் பொருட்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அவர் எழுதிய வாதத்தின் ஒரு பகுதியே அது. பிறகு 1613ஆம் ஆண்டு, அதாவது எங்கள் ஊரில் கோட்டை எழுந்த அதே ஆண்டு, லண்டனில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. வாசனைத் தீவுகளில் தாங்களும் வாணிகம் செய்ய வேண்டும் என்று கேட்ட ஆங்கிலேயர், கடல் பொதுவானது என்னும் அந்த நூலையே எடுத்துக் காட்டினர். எதிர்த்தரப்பில் அமர்ந்திருந்த டச்சுத் தூதுக்குழுவில் குரோஷியஸும் இருந்தார்! தீவு மக்களோடு தாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் தங்களுக்கே தனியுரிமை தருகின்றன என்று அவர் தரப்பு வாதிட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1621இல், அத்தகைய ஒப்பந்தத்தை மீறினர் என்று கூறி ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளின் முஸ்லிம் மக்களைக் கம்பெனியின் தலைவர் கூன் படைகொண்டு அழித்தார். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேர் அளவிலேயே மிஞ்சினர் என்பர்.

சட்டம் பிறந்த தொட்டிலிலேயே சுயநலமும் உடன் படுத்திருந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. எனினும் இதிலிருந்து “சட்டமே ஏமாற்று” என்னும் முடிவுக்கு நாம் தாவிவிடலாகாது. கடல் பொதுவானது என்ற கொள்கை உண்மையே. அதைச் சொன்னவர் தமக்கு ஆதாயம் உள்ள நாளில் சொன்னார். ஆதாயம் இல்லாத நாளில் மறந்தார். குறை கொள்கையில் இல்லை, சாட்சியில் இருந்தது.

சாட்சி என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். மத்ரஸாவில் ஃபிக்ஹு பாடம் ஓதுவிக்கும்போது ‘கிதாபுஷ் ஷஹாதாத்’ என்னும் சாட்சியங்களின் பாடத்தை மாணவர்கள் வறண்ட பகுதியாகவே கருதுவர். ஆனால் மனித மனத்தை அந்த இமாம்கள் எவ்வளவு ஆழமாக அறிந்திருந்தனர் என்பது அங்கேதான் புலப்படும். நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி, தன் சொல்லால் தனக்கு ஓர் ஆதாயத்தை இழுத்துக் கொள்பவனின் சாட்சியமும், தன் தலைக்கு வரும் நட்டத்தைத் தள்ளிவிடுபவனின் சாட்சியமும் ஏற்கப்படா. மகனுக்குச் சாதகமாகத் தந்தை சொல்வதும், தந்தைக்குச் சாதகமாக மகன் சொல்வதும் செல்லா. பகைவனுக்குப் பாதகமாகப் பகைவன் சொல்வதும் செல்லாது. காழி அழைக்கும் முன்னரே முந்திக்கொண்டு சாட்சி சொல்ல ஓடி வருபவனும் ஐயத்துக்குரியவனே. இவற்றுக்கெல்லாம் அடிப்படை ‘துஹ்மா’, அதாவது சார்பு பற்றிய ஐயம். அவன் பொய்யன் என்று அங்கே தீர்ப்பளிக்கப்படுவதில்லை. அவன் நிற்கும் இடம் அவன் சொல்லை வளைக்கக் கூடும் என்பதே கருத்து.

இதன் மறுபக்கத்தையும் அதே பாடம் கூறுகிறது. மகனுக்குப் பாதகமாகத் தந்தை சொல்லும் சாட்சியம் செல்லும். பகைவனுக்குச் சாதகமாகப் பகைவன் சொல்வதும் செல்லும். தன் பக்கத்தை மீறி வரும் சொல்லில் சார்பு பற்றிய ஐயம் இல்லை. இறைமறையின் அன்னிஸா அத்தியாயத்து 135ஆம் வசனமும் அல்மாயிதா அத்தியாயத்து 8ஆம் வசனமும் நீதிக்குச் சாட்சியாக நிற்பதைப் பற்றியவை. முன்னது பாசத்தால் வரும் வளைவைத் தடுக்கிறது. பின்னது பகையால் வரும் வளைவைத் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்து ஓதுவார்க்கு இந்தச் சட்டத்தின் வேர் விளங்கும்.

2011ஆம் ஆண்டு லிபியாவில் விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்த நாட்களில், இப்பாடம் நடக்கையில், மாணவர் ஒருவர் கேட்டார்: “ஹஸ்ரத், இந்தச் சட்டம் நாடுகளின் சாட்சியத்துக்கும் பொருந்துமா?” கேள்வி என்னை மகிழ்வித்தது. ஐக்கிய நாடுகள் சபையில் காழி இல்லை. அங்கே வழக்காடிகளே சாட்சிகள், சாட்சிகளே நடுவர்கள். ஆயினும் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு அந்தச் சட்டம் நல்ல தராசு. எங்கள் ஏரியில் இறால் வலை போடும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கம் மீனவரிடையே உண்டு. பாட்டைப் பற்றிய சச்சரவில் ஒருவர் எழுந்து நியாயம் பேசினால், அவருடைய வலை எந்தப் பாட்டில் நிற்கிறது என்பதை அறிந்த பிறகே அவர் பேச்சுக்கு எடை போடுவர். எழுத்தறியாத முதியவர்க்கும் தெரிந்த இந்த விவேகத்தை, பாதுகாப்புச் சபையின் பேச்சுகளைப் படிக்கும்போது நாம் ஏன் கைவிட வேண்டும்?

அத்தராசில் சில வழக்குகளை நிறுத்துப் பார்ப்போம்.

1956ஆம் ஆண்டின் அக்டோபர் இறுதியும் நவம்பர் தொடக்கமும் உலகுக்கு ஒரு பாடம். எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியதற்காக இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவை அதன்மீது படையெடுத்தன. அதே நாட்களில் ஹங்கேரி மக்களின் எழுச்சியை ஒடுக்கச் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் நுழைந்தன. சூயஸ் விவகாரத்தில் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தின. ஹங்கேரி விவகாரத்தில் சோவியத் நாடு பயன்படுத்தியது. எகிப்துக்காகக் கண்ணீர் வடித்த நாடு ஹங்கேரியை மிதித்தது. ஹங்கேரிக்காகக் கண்ணீர் வடித்த நாடுகள் எகிப்தை மிதித்தன. நம் பாரத நாடோ சூயஸைப் பற்றி உடனே, உரத்துப் பேசியது. ஹங்கேரியைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேசியது. நவம்பர் 9ஆம் நாள், ஐ.நா. மேற்பார்வையில் ஹங்கேரியில் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்தைச் சோவியத் அணியோடு சேர்ந்து எதிர்த்தே வாக்களித்தது. அப்போது நேருவின் அரசை வெளிப்படையாகக் கடிந்துகொண்டவர்களில் ஜெயப்பிரகாஷ் நாராயண் ஒருவர். விடுதலைப் போரில் நேருவைப் போலவே சிறை சென்றவர் சொன்ன அச்சொல்லில் சார்பு பற்றிய ஐயம் எழ இடமில்லை.

அடுத்தது 1971. இது நம் நாட்டையும், முஸ்லிம் உலகையும் ஒருங்கே கூண்டில் ஏற்றும் வழக்கு. அவ்வாண்டு மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் இராணுவம் தன் குடிமக்கள் மீதே பாய்ந்தது. மாண்டோர் இலட்சக்கணக்கினர், இந்துக்கள் குறிவைத்து வேட்டையாடப்பட்டனர், வங்க முஸ்லிம்களும் தப்பவில்லை. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். டிசம்பர் 3இல் பாகிஸ்தான் விமானங்கள் நம் விமான தளங்களைத் தாக்கியதும் முழுப்போர் மூண்டது. 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

அந்தப் பதிமூன்று நாட்களில் உலக மன்றத்தில் பேசியவர்களின் வலைகள் எங்கெங்கே நின்றன என்பதைப் பாருங்கள். அமெரிக்கா நாட்டெல்லையின் புனிதத்தைப் பேசியது. அதற்கு முந்திய ஜூலையில் கிஸிஞ்சர் பாகிஸ்தான் வழியாகவே இரகசியமாகப் பீக்கிங் சென்று வந்திருந்தார். அந்த உதவிக்கு நன்றிக்கடன் இருந்தது. சீனாவும் எல்லையின் புனிதத்தைப் பேசியது. இந்தியாவோடு அதற்குப் பழைய பகை. சோவியத் நாடு வங்க மக்களின் உரிமையைப் பேசி வீட்டோ செய்தது. ஆகஸ்டில்தான் அது இந்தியாவோடு உடன்படிக்கை செய்திருந்தது. ஹங்கேரி மக்களின் உரிமை அதற்கு நினைவில் இல்லை. இந்தியா மனிதத் துயரைப் பேசியது. துயர் மெய், அகதிகளின் சுமையும் மெய். ஆயினும் பகை நாடு இரண்டாகப் பிளவதில் தில்லிக்கு ஆதாயம் இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்.

டிசம்பர் 7இல் பொதுச்சபை 104 வாக்குகளால், 11 நாடுகள் எதிர்க்க, போர்நிறுத்தமும் படை விலக்கமும் கோரியது. படுகொலையை அது பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லை. போருக்குக் காரணமான விவகாரங்களைப் பின்னர் கவனிக்கலாம் என்ற அளவில் நின்றது. இஸ்லாமிய நாடுகளில் மிகப் பல அந்த 104இல் இருந்தன. முஸ்லிம் முஸ்லிமைக் கொன்ற ஒன்பது மாதங்களில் உரத்து எழாத குரல், முஸ்லிம் நாடு ஒன்று தோற்கப் போகிறது என்றவுடன் எழுந்தது. சவூதி அரேபியா வங்காள தேசத்தை அங்கீகரித்தது 1975 ஆகஸ்டில், முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்ட பிறகு. சகோதரத்துவம் என்ற உயர்ந்த சொல் இங்கே அரசுகளின் நட்புக்கு வேறு பெயராகிவிட்டது. வெற்றி கண்டபின் உர்தூ பேசும் பீகாரி முஸ்லிம்கள் பழிவாங்கப்பட்டபோது, அவர்களுக்காகப் பேச அந்தப் பக்கத்திலும் ஆள் குறைவு.

அந்த வழக்கில் சார்பற்ற சாட்சி ஒருவர் உண்டு. டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த ஆர்ச்சர் பிளட், 1971 ஏப்ரல் 6ஆம் நாள், தம் அரசின் போக்கை அறநெறி தவறியது என்று கண்டித்துத் தம் ஊழியர் பலர் கையொப்பமிட்ட தந்தியை வாஷிங்டனுக்கு அனுப்பினார். பலன், அவர் அப்பதவியிலிருந்து அகற்றப்பட்டார். தன் மகனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன தந்தையைப் போன்றவர் அவர். அவர் சொல்லே இன்று நிற்கிறது. பாதுகாப்புச் சபையில் ஒலித்த சொற்பொழிவுகளை ஆய்வாளரன்றி யாரும் நினைப்பதில்லை.

கம்போடியாவின் கதை இன்னும் கசப்பானது. பதினேழு இலட்சம் பேர் அளவில் மடிந்த போல்பாட்டின் ஆட்சியை 1979 ஜனவரியில் வியட்நாம் படை வீழ்த்தியது. வியட்நாம் தன் நலனுக்காகவே சென்றது. ஆயினும் கொலைக்களம் மூடப்பட்டது. அந்தக் களத்தில் பெரும் எண்ணிக்கையில் மாண்டோரில் சாம் இனத்து முஸ்லிம்களும் அடங்குவர்; அது இனப்படுகொலையே என்று 2018இல் ஐ.நா. துணையுடன் அமைந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும், சீனாவும் அமெரிக்காவும் அண்டை நாடுகளும் வியட்நாமையும் சோவியத் நாட்டையும் வெறுத்த ஒரே காரணத்தால், ஐ.நா. சபையில் கம்போடியாவின் இருக்கை அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் போல்பாட்டின் தரப்பிடமே இருந்தது. எல்லையின் புனிதம் காக்கப்பட்டது. புதைகுழிகளுக்கு வாக்குரிமை இல்லை.

இனி நமக்கு மிக அண்மையிலுள்ள வழக்குக்கு வருவோம். 1987ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் இந்திய விமானங்கள் போர் விமானங்களின் துணையோடு யாழ்ப்பாணத்தின் மீது பறந்து உணவுப் பொதிகளை இறக்கின. தமிழகமெங்கும் மக்கள் நெஞ்சம் குளிர்ந்தது. ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். ஒப்பந்தத்தின் உடலில் தமிழரின் உரிமை இருந்தது. அதனோடு இருவரும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் வேறு சில இருந்தன: திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்கு ஊறு விளைக்கும் வகையில் வேற்று நாட்டுப் படைகளுக்கு அளிக்கலாகாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாக மேற்கொள்ள வேண்டும், அந்நிய வானொலி நிலையங்களுக்குத் தந்த வசதி மறுபடி ஆராயப்பட வேண்டும். ஒரு நாடு தன் கடற்கரைக்கு எதிரே பகைக் கப்பல் நிற்பதை விரும்பாதது இயல்பே. அதில் பாவம் இல்லை. ஆனால் ஈழத் தமிழரின் கண்ணீரைக் காட்டிச் சென்ற படையின் கையில் இந்தக் கடிதமும் இருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது.

அமைதி காக்கச் சென்ற படை அவ்வாண்டு அக்டோபரிலேயே புலிகளுடன் போரில் இறங்கியது. அக்டோபர் 21, 22 ஆகிய நாட்களில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த நம் வீரர்களின் துப்பாக்கிகளுக்கு மருத்துவரும் செவிலியரும் நோயாளிகளுமாக 60க்கு மேற்பட்டோர் பலியாயினர். நம் வீரர்களிலும் ஏறத்தாழ 1,200 பேர் அந்த மண்ணில் உயிர் நீத்தனர். கொழும்பில் புதிய அதிபரான பிரேமதாசாவின் அரசு, இந்தியப் படையை வெளியேற்றும் அவசரத்தில், தான் பயங்கரவாதிகள் என்று அழைத்த புலிகளுக்கே ஆயுதம் வழங்கியது. 1990 மார்ச் 24இல் கடைசி வீரரும் கப்பலேறினார்.

எங்கள் வட்டாரத்துக்கு அருகே கும்மிடிப்பூண்டியில் ஈழத்து அகதிகளின் முகாம் ஒன்றுண்டு. முகாமைச் சேர்ந்த, வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளியான ஒரு முதியவரோடு உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இந்தியப் படையைப் பற்றிக் கேட்டேன். தூரிகையைக் கீழே வையாமலே சொன்னார்: “ஆனியிலை வானத்தாலை சாப்பாடு போட்டவை. ஐப்பசியிலை ஷெல் அடிச்சவை. ரெண்டும் ஒரே ஆக்கள்தான், மாஸ்டர்.” அவர் குரலில் கோபம் இல்லை. உணவு தந்ததை அவர் மறுக்கவில்லை; ஷெல் விழுந்ததை மறைக்கவும் இல்லை. ஐ.நா. சபையில் நான் படித்த எந்த உரையும் இத்துணை நேர்மையாய் இருந்ததில்லை.

இலங்கை வழக்கிலும் சார்பற்ற சாட்சி ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த டாக்டர் ரஜனி திராணகம. அவர் தோழர்களுடன் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ என்னும் நூல் இலங்கை அரசின் கொடுமையையும், இந்தியப் படையின் கொடுமையையும், தம் இனத்து ஆயுதக் குழுக்களின் கொடுமையையும் ஒரே மையால் எழுதியது. 1989 செப்டம்பர் 21இல் அவர் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றது புலிகளே என்று அவருடைய தோழர்கள் குற்றம் சாட்டினர்.

இங்கேதான் தமிழர்களாகவும் முஸ்லிம்களாகவும் இருக்கும் நமக்குத் தனிப்பொறுப்பு வந்து சேர்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி கட்டளையிட்டனர். வடபுலத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் உடுத்த துணியோடு புத்தளம் நோக்கி நடந்தனர். தமிழகத்தின் தமிழ் மேடைகளில் இதற்காகக் கண்டனம் எழுப்பியோர் மிகச் சிலர். பிறகு 2009இல் முள்ளிவாய்க்காலில் தமிழர் கொத்துக்கொத்தாக மடிந்தபோது, 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. குழு பின்னாளில் கூறிய அந்த நாட்களில், காத்தான்குடியை நினைத்து நம்மில் சிலர் வாளாவிருந்தனர். அந்த மௌனத்துக்கும் இந்த மௌனத்துக்கும் தராசில் ஒரே எடைதான். காத்தான்குடியில் இறந்தவரின் உரிமையை முள்ளிவாய்க்காலில் இறந்த குழந்தையிடம் எப்படி வசூலிப்பது?

அரபு நாடுகளையும் இதே தராசில் ஏற்றுவோம். 2011 மார்ச் 12இல் அரபு லீக், லிபிய மக்களைக் காக்க விமானத் தடை வேண்டும் என்று பாதுகாப்புச் சபையைக் கேட்டது. இரண்டே நாள் கழித்து, மார்ச் 14இல், உரிமை கேட்டுத் தெருவில் நின்ற பஹ்ரைன் மக்களை அடக்கச் சவூதி தலைமையிலான படை பாலத்தைக் கடந்தது. மார்ச் 17இல் லிபியா பற்றிய தீர்மானம் நிறைவேறிற்று. இந்தியா உட்பட ஐந்து நாடுகள் வாக்களியாமல் ஒதுங்கின. ஒரே வாரத்தில் ஒரு மக்களின் கண்ணீர் உலகக் கடமையாயிற்று. மற்றொரு மக்களின் கண்ணீர் உள்நாட்டு விவகாரமாயிற்று.

அண்மைக் காலத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை, யாவரும் அறிந்ததே. 2022இல் உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யா, 2023 டிசம்பர் 8இல் காஸாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்துக்குக் கைதூக்கியது. உக்ரைனுக்காக உலகின் மனச்சாட்சியைத் தட்டிய அமெரிக்கா அதே தீர்மானத்தை வீட்டோ செய்து வீழ்த்தியது. காஸாவுக்காக நம் உள்ளம் துடிப்பது இயல்பு, துடிக்கத்தான் வேண்டும். ஆனால் காஸாவுக்காகக் கைதூக்கியவர் என்ற ஒரே காரணத்துக்காக உக்ரைன் நாட்டுத் தாயின் ஓலத்தைக் கேளாதிருப்போமாயின், நம் சாட்சியமும் காழியின் மன்றத்தில் தள்ளுபடியாகும்.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், “அப்படியானால் எல்லாரும் கள்ளர், எதையும் நம்ப வேண்டாம், எந்தப் போரும் நமக்கு ஒன்றே” என்று கையை உதறிவிடலாம். அது விவேகம் போலத் தோன்றும் சோம்பல். சாட்சி தள்ளுபடியானதால் வழக்கு பொய்யாகிவிடாது; வேறு சாட்சி தேடுவதே முறை. அநீதியிழைக்கப்பட்டவனின் உரிமை, அவனுக்காகப் பேச வந்தவனின் ஒழுக்கத்தைப் பொறுத்து நிற்பதன்று. இந்தியாவுக்கு ஆதாயம் இருந்தது என்பதால் வங்க அகதியின் பசி பொய்யாகவில்லை. வியட்நாமுக்கு ஆதாயம் இருந்தது என்பதால் உயிர் தப்பிய சாம் முஸ்லிம் திரும்பச் சாக வேண்டியதில்லை. காத்தவனின் எண்ணத்தை அல்லாஹ் விசாரித்துக்கொள்வான். அவன் என்ன செய்தான், எவரைக் காத்தான், எப்போது திரும்பினான், திரும்பும்போது எதைக் கையில் எடுத்துச் சென்றான் என்பவற்றையே நாம் விசாரிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் சிறியவர்கள், நம் பேச்சைக் கேட்டு எந்தப் படையும் நிற்கப் போவதில்லை என்பது உண்மை. ஆயினும் பெரிய நாடுகளின் பேச்சு நம்மைப் போன்றோரின் ஒப்புதலையே முதலாகக் கொண்டு நடக்கிறது. உள்ளூரில் கைதட்டல் இல்லாமல் எந்தப் பிரதிநிதியும் வெளியூரில் அப்படி முழங்கத் துணிய மாட்டார்.

நம் முன்னோரில் இதற்கு முன்மாதிரி உண்டு. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முயீன்’ நூலை இயற்றிய பொன்னானி ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் அவர்களே, போர்ச்சுகீசியர் மலையாளக் கரையில் செய்த கொடுமைகளைப் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்ற நூலாக எழுதினார். பகைவரைக் கண்டிக்க எழுதிய நூல் அது. அதிலேயே தம் சமுதாயத்தாரின் குறைகளையும், உதவிக்கு வராத முஸ்லிம் சுல்தான்களின் பாராமுகத்தையும் எழுதினார். முஸ்லிம் அல்லாத சாமூதிரி மன்னரின் துணையைப் புகழ்ந்தும் எழுதினார். போர்ச்சுகீசியரைப் பற்றி அவர் சொன்னதை இன்றும் வரலாற்றாசிரியர் மதிப்பதற்கு இந்த நேர்மையும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். தன் பக்கத்துக் குறையைச் சொன்னவன் வாயால் வரும்போதுதான் எதிரியின் குற்றமும் நம்பப்படுகிறது.

எனவே நான் நம் குடும்பத்தாரிடம் வேண்டுவது பெரிதொன்றுமன்று. அடுத்த போர்ச் செய்தி வரும். வரும்போது, பேசுகின்ற நாட்டின் வலை எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளுக்குக் கேட்கக் கற்றுக்கொடுங்கள். அந்தக் கேள்வியை அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் கேட்பது எளிது. இந்தியாவிடமும் சவூதியிடமும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். நம் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நம் பக்கத்துக்கு எதிராக ஒரு சொல் சொல்லும்போது, அவரைத் துரோகி என்று அழைக்க நா எழும். அதைச் சற்றே அடக்கிக்கொள்ளுங்கள். பிளட் பதவியை இழந்தார். ரஜனி உயிரை இழந்தார். அத்தகைய சாட்சி நம்மிடையே தோன்றினால், அவர் சொல்லி முடிக்கும் வரையிலேனும் அவருக்குப் பாதுகாப்பாக நிற்போம்.